ஆறு கன்றும் ஒரு கடதாசியும்

நித்தியானந்தன் ஒரு கடதாசியை எறிந்ததை இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் சந்திரமதி கண்டதில்லை. வரவேற்பறை அலுமாரியில் அவருடைய ஓட்னர்கள் பதினெட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். துளை போட்டுக் கடதாசி கோக்கிற தடித்த மட்டைக் கோப்புக்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஓட்னர் என்று பெயர். சுவிஸுக்கு வந்த தமிழர் குளிருக்கு அடுத்தபடியாகப் பழகிக்கொண்டது அதைத்தான். எண்பத்தெட்டில் அகதி முகாமில் கொடுத்த சாப்பாட்டு அட்டை தொடக்கம் போன மாதம் பல்லுக் கட்டிய பற்றுச்சீட்டு வரைக்கும் எல்லாம் அதற்குள் இருந்தன. "அம்மாவையும் துளை போட்டு எங்கையோ கோத்துத்தான் வைச்சிருப்பார்" என்று மகள் வேணுகா பகிடி விடுவாள். சந்திரமதியும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் தன் சீவியத்தில் ஒரேயொரு கடதாசியை எரித்தார். எரிக்கவே கூடாத கடதாசி என்று அந்த வீட்டில் ஒன்று இருந்ததென்றால் அது அதுதான்.

கதை சந்திரமதியின் கைகளில் தொடங்குகிறது. வில் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சலவைச்சாலையில் அவள் பத்தொன்பது வருடம் வேலை செய்தாள். சூட்டு உருளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிற ஆஸ்பத்திரி விரிப்புகளை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து மடிக்க வேண்டும். மற்ற முனையில் நின்றவள் வல்போனா, கொசோவோக்காரி. பத்தொன்பது வருடம் அப்படி மடித்ததில் இரண்டு பேருக்கும் கிடைத்தவை இரண்டு. ஒன்று டொச். இலக்கணம் இல்லாத, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிற சலவை டொச். மற்றது மூட்டு வாதம். வல்போனாவுக்கு அது தோளோடு நின்றுவிட்டது. சந்திரமதிக்குப் பத்து விரலும் வீங்கிக் கோணிப் போயின. காலையில் ஜாம் போத்தல் மூடி திறக்க ஏலாது, தலைமுடி பின்ன ஏலாது. வைத்தியர் கொடுத்த குளிசை வயிற்றை எரித்தது. காப்புறுதியின் வைத்தியர் அவளுடைய கையைப் பிடித்துக்கூடப் பார்க்காமல், இலேசான வேலைகள் செய்யலாம் என்று எழுதிவிட்டார். இலேசான வேலை எது என்று அவர் எழுதவில்லை.

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு தை மாதம் வேணுகா ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். அவள் சூரிச்சில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

"இது கஞ்சாச் செடியிலை எடுக்கிற எண்ணெய் அம்மா. பயப்பிடாதேங்கோ, வெறி தாற சாமான் இதிலை ஒரு வீதமும் இல்லை. இஞ்ச கடையிலை வைச்சு விக்கினம். நாக்குக்குக் கீழை நாலு துளி விடுங்கோ."

சந்திரமதி பயப்படவில்லை. இதைவிடக் கெட்டதெல்லாம் வைத்தியர் எழுதித் தந்து குடித்தாயிற்று. மூன்று கிழமை போன பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டாள். போட்டு முடிந்த பிறகுதான், போட்டதே அவளுக்குத் தெரிந்தது. கட்டிலில் இருந்து அழுதாள். சந்தோசத்தில் அழுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனால் போத்தல் விரலளவு, விலை முழத்தளவு. மகள் தன் சம்பளத்தில் வாங்கித் தருவது தாய்க்குப் பிடிக்கவில்லை. அதற்கும் வேணுகாதான் வழி சொன்னாள். வெறி இல்லாத அந்த இனத்தை வீட்டில் வளர்க்கச் சட்டம் விடுகிறது, இலையையும் பூவையும் காயவைத்துத் தேத்தண்ணீர் போடலாம், எண்ணெயும் காய்ச்சலாம் என்றாள். மாசி மாதக் கடைசியில் ஆறு கன்றுகளைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துத் தொடருந்தில் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் நடுவிரல் உயரம். வேர் சின்னப் பஞ்சுக் கட்டிக்குள் இருந்தது. கூடவே ஊதா நிற வெளிச்சம் தருகிற ஒரு விளக்கும் ஒரு கடதாசியும். கடை முத்திரை, இனத்தின் பெயர், ஆய்வுகூடத்தின் கணக்குப்படி வெறிப்பொருள் புள்ளி மூன்று வீதம், வாங்குபவர் சந்திரமதி நித்தியானந்தன், விலாசம்.

"இந்தக் கடதாசி கவனம் அம்மா. ஆரும் கேட்டா இதைக் காட்டினாச் சரி. இது இல்லாட்டி இந்தச் செடிக்கும் மற்றச் செடிக்கும் கண்ணாலை பாத்து வித்தியாசம் சொல்ல ஏலாது. ஒரு கிழமைக்குள்ளை மண்ணுக்கு மாத்திப் போடுங்கோ."

மண் வாங்கச் சந்திரமதி தனியாகப் போனாள். இது பெரிய விசயம். கடையென்றால், கந்தோரென்றால், வைத்தியரென்றால் நித்தியானந்தன்தான் முன்னே போவார். அவருடைய டொச் பத்திர டொச், விண்ணப்பப் படிவத்தின் டொச். யாராவது சந்திரமதியைப் பார்த்து ஒன்று கேட்டால் அவள் வாயெடுக்கும் முன் அவர் பதில் சொல்லி முடித்திருப்பார். "அவவுக்கு டொச் வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். வருமா என்று அவர் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அவளும் சொல்லப் போனதில்லை. சும்மா இருந்தால் சண்டை இல்லை என்று எண்ணி இருபத்தாறு வருடத்தைக் கடத்திய மனுசி.

தோட்டக் கடையில் மண் பைகள் ஒரு சுவரளவுக்கு அடுக்கிக் கிடந்தன. தக்காளிப் படம் போட்ட பை, ஜெரானியப் பூப் படம் போட்ட பை, ஒரு பையில் மலை கூட இருந்தது. அவளுடைய வீட்டில் மூன்று கறிவேப்பிலைக் கன்றுகள் செத்திருக்கின்றன. மூன்றையும் கொன்றவர் நித்தியானந்தன். இருப்பதிலேயே கறுத்த, பசளை கூடிய, விலை கூடிய மண்ணாகப் பார்த்து வாங்குவார். அது போதாதென்று மீன் கழுவிய தண்ணீரையும் ஊற்றுவார். நுனி கருகிக் கருகி, இலை கொட்டி, ஈர்க்குக் குச்சியாக நின்று போய்ச் சேர்ந்தன. அதனால் அந்தக் கறுத்தப் பைகளை அவள் தொடவில்லை.

கடைக்காரப் பெண் வந்து என்ன செடி என்று கேட்டாள். சந்திரமதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஹான்ஃப்" என்றாள். கஞ்சாவுக்கு அதுதான் டொச். பிறகு, "சின்னது, குழந்தை" என்று விரலால் உயரம் காட்டினாள். அந்தப் பெண் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை.

"அப்படியென்றால் பசளை மண் வேண்டாம். கைக்குழந்தைக்கு யாராவது உருக்கிய பாற்கட்டி ஃபொண்டூ தீத்துவார்களா? நாற்று மண்தான் வேண்டும். பெரிதான பிறகு நல்ல மண்ணுக்கு மாற்றுங்கள்."

உடைந்து கிடந்த ஒரு பையைத் திறந்து காட்டினாள். சந்திரமதி ஒரு பிடி அள்ளிப் பொத்தி, விரித்துப் பார்த்தாள். மண் கொழுக்கட்டை மாதிரிக் கையின் வடிவில் நின்றது. பெருவிரலால் தொட்டவுடன் உதிர்ந்தது. இடையிடையே காற்றுப் போக வெள்ளைப் பொரிக்கல் கலந்திருந்தது. மணம் மழை விட்ட முற்றம் மாதிரி இருந்தது. அதிலேயே சின்னப் பை ஒன்றை எடுத்துச் சில்லுப் பைக்குள் வைத்து இழுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். நான் பார்த்தேன், நான் கேட்டேன், நான் வாங்கினேன் என்று வழி நெடுக மனம் குதித்தது. ஐம்பத்துநாலு வயதில் மண் வாங்கியதற்கு இப்படி ஒரு பெருமை.

சாடி வாங்கவில்லை. ஒரு கிலோத் தயிர் வாளிகளைக் கழுவிக் கழுவி அடுக்கி வைக்காத தமிழ்ச்சமையலறை சுவிஸில் எங்கே இருக்கிறது? ஆறை எடுத்து, இறைச்சி குத்துகிற கம்பியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டாள். மேசையில் விளம்பரப் பத்திரிகை விரித்து, மண்ணை அமத்தாமல் முக்கால் வாளிக்கு நிரப்பி, இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்தாள். குழி தோண்ட விரல் நிமிரவில்லை. அகப்பைக் காம்பால் தோண்டினாள். தண்டைத் தொடாமல் வேர்க்கட்டியில் பிடித்துத் தூக்கி, குழிக்குள் இறக்கி, சுற்றிவர மண்ணை அணைத்துவிட்டாள். இரண்டு கன்றுக்கு ஒரு தடவை கையைச் சுடுதண்ணீரில் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆறு கன்றுக்கு இரண்டு மணித்தியாலம். நோவு நோவுதான். ஆனால் மற்றவர்களின் விரிப்பை மடித்து வந்த நோவு இல்லை இது, தனக்காகப் பட்ட நோவு. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குப் புதிது.

வாளிகளை வரவேற்பறை யன்னலில் வைத்தாள். கீழ் வீட்டு ஃபிராவ் அமான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினாள். எழுபது வயது விதவை. கோடையில் அவளுடைய பல்கணியில் ஜெரானியங்களுக்கு நடுவே இதே செடி இரண்டு நிற்கும். பின்னேரங்களில் அதில் தேத்தண்ணீர் போட்டுக் குடிப்பாள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

நித்தியானந்தன் காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தார். யன்னலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன இது?"

"வேணுகா சொன்னவள் எல்லோ, கைக்கு. மருந்துச் செடி."

"கஞ்சா. கஞ்சாவைக் கொண்டந்து நடுவீட்டிலை வைச்சிருக்கிறாய். ஆனியிலை எங்களுக்கு நேர்காணல். தெரியுமோ உனக்கு?"

நேர்காணல் என்றால் குடியுரிமை. அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற இராஜேந்திரன் இரண்டு வருடத்துக்கு முன் சிவப்புப் பாஸ்போட் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து இராஜேந்திரனுக்கு வேறு கதை இல்லை. எந்த விமான நிலையத்தில் எந்த வரிசையில் நின்றேன் என்பதையே அரை மணித்தியாலம் சொல்வார். நித்தியானந்தனுக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் பெயரிலும் விண்ணப்பம் போட்டு, மலைகளின் உயரத்தையும் ஏரிகளின் பெயரையும் குளியலறையில் வைத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

"சட்டப்படி வாங்கினது. கடதாசி இருக்கு, பாருங்கோ."

வாங்கி நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். பெயர் இருந்த வரியில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"உன்ர பேர் ஏன் இதிலை? இந்த வீட்டு விலாசம் ஏன் இதிலை?"

சந்திரமதிக்கு அந்தப் பயம் ஏன் என்று தெரியும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. கல்யாணம் கட்டிய முதல் மாரியில் ஒரே ஒரு தடவை அவர் அதைச் சொல்லியிருக்கிறார். எண்பத்தேழில் ஊரில் சுற்றிவளைப்பு. வீட்டுக்குள் வந்த ஆமிக்காரன் பாய்க்குக் கீழே ஒரு தாளை எடுத்தான். முதலுதவி வகுப்பில் காயத்துக்குத் துணி சுற்றுவது எப்படி என்று கீறிக் கொடுத்த தாள். பெயர் இல்லை. இது யாருடையது என்று கேட்டான். வீட்டில் நின்றவர்கள் அண்ணனும் தம்பியும். "தம்பியின்ர. எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார் நித்தியானந்தன். தம்பி தயாநிதிக்குப் பத்தொன்பது வயது. கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், இன்றுவரை ஆளும் இல்லை, பதிலும் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் வீட்டிலிருந்த கடதாசி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்திருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்து ஒரு தாளையும் எறியாத மனிதராக மாறியதும் அதே பயத்தால்தான். கேட்டால் காட்டுவதற்கு எல்லாம் இருக்க வேண்டும்.

அந்தக் கதை நினைவுக்கு வந்ததால்தான் சந்திரமதி அவரோடு வாதாடவில்லை. பாவம் என்று நினைத்தாள்.

"சரி. நான் கோத்து வைக்கிறன்" என்று கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இருபத்தாறு வருடமாகக் கோத்து வைக்கிறவர். அவள் நம்பினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமியறையில் கற்பூரம் காட்டுகிற வேலையை அவரே செய்தார். வழக்கமாக அது அவளுடைய வேலை. அவள் உள்ளே போனபோது பித்தளைத் தட்டில் கற்பூரக் கரியோடு சாம்பல் செதில் செதிலாகக் கிடந்தது. தட்டு அடிப்பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அந்த விரல்களோடு அதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

அதே நாள் வாளிகள் ஆறும் சாமியறைக்கு மாறின. நித்தியானந்தன் யன்னலுக்குக் கறுத்தத் துணி அடித்து, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினார்.

"கீழை ஃபிராவ் அமான் பல்கணியிலை வைச்சு வளக்கிறா. ஆரும் கேக்கினமோ?"

"அவ சுவிஸ்காரி. அவ வைச்சாச் செடி. நாங்கள் வைச்சாக் கேஸ்."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

இருட்டறையிலும் கன்றுகள் குறை வைக்கவில்லை. மண் பிடித்துவிட்டது. பத்தாம் நாள் புதுத் துளிர் வந்தது, மூன்றாம் கிழமை ஐந்து விரல் விரித்த இலை வந்தது. காலையில் விளக்கைப் போட்டவுடன் முருகனின் படத்துக்கு முன்னால் ஆறு பேரும் ஊதா வெளிச்சத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். சந்திரமதி முதலில் சாமியைக் கும்பிடுவாள், பிறகு வாளிக்குள் விரல் விட்டு ஈரம் பார்ப்பாள். சில நாட்களில் அந்த ஒழுங்கு மாறியது. முருகன் கோபிக்கவில்லை.

சித்திரை மாதத்தில் கட்டடத்தைப் பராமரிக்கிறவர் கூரைப் பீலி துப்புரவாக்க ஏணி வைத்தார். யன்னலில் அலுமினியத் தாளும், அதன் ஓரத்தால் கசிகிற ஊதா வெளிச்சமும் அவருடைய கண்ணில் பட்டன. இப்படி ஒட்டுகிறவர்கள் களவாகக் கஞ்சா வளர்க்கிறவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையில் படம் வரும். யன்னலில் ஆறு தயிர் வாளி வெளிச்சமாக நின்றிருந்தால் அவர் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்தரை மணிக்குப் பொலிஸ் மணியடித்தது. ஒரு பெண், ஒரு ஆண், இரண்டு பேரும் மரியாதையான ஆட்கள். அன்றைக்கு நித்தியானந்தனுக்குப் பின்னேர வேலை, வீட்டில் நின்றார். பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளைக்கூடச் செருப்போடு சாமியறைக்குள் விடாத மனிதர், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லி அவர்களைச் சப்பாத்தோடு உள்ளே கூட்டிப்போனார். சந்திரமதிக்கு முதல் சுருக் அதில்தான்.

பொலிஸ்காரி செடிகளைப் பார்த்தாள். "வெறி இல்லாத இனம் என்றால் பிரச்சினை இல்லை. கடையில் ஒரு சான்றிதழ் தந்திருப்பார்கள். அதைக் காட்டினால் நாங்கள் போய்விடுவோம்."

சந்திரமதிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, அந்தக் கடதாசியை எடுங்கோ."

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு ஓட்னரை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் வாகனக் காப்புறுதி. அதிலிருந்து வேறு ஓட்னருக்குப் போகாமல், அதையே திரும்பவும் முதலில் இருந்து புரட்டினார். அப்போதுதான் அவளுக்குப் பித்தளைத் தட்டு நினைவுக்கு வந்தது. தன் கையாலேயே அதைத் தேய்த்துக் கழுவி ஊற்றியதும் வந்தது.

"எரித்துவிட்டேன்" என்றார் நித்தியானந்தன் டொச்சில்.

பொலிஸ்காரர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யன்னலை மறைத்து வளர்க்கிறவன், சான்றிதழை எரித்தேன் என்கிறான். இதுவரை இருந்த சிரித்த முகம் மாறிவிட்டது.

"இந்தச் செடிகள் யாருடையவை?" என்று அந்த ஆண் கேட்டான்.

நித்தியானந்தன் நிமிர்ந்து நின்றார். அவருடைய நல்ல டொச்சில், சொல் சொல்லாக, ஒரு பிழை இல்லாமல் சொன்னார்.

"என் மனைவியுடையவை. எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

அவளுக்கு விளங்காது என்ற நம்பிக்கையில் சொன்னாரா, விளங்கினாலும் பரவாயில்லை என்று சொன்னாரா, சந்திரமதிக்கு இன்றுவரை தெரியாது. எது என்றாலும் ஒன்றுதான். அவள் அவரைப் பார்த்தாள். அவர் முருகனின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வேணுகாவின் தொலைபேசி எண்ணையும் கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். இருந்தாலும் ஆய்வுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று ஆறு வாளிகளையும் ஒரு பெட்டிக்குள் வைத்துத் தூக்கினார்கள். ஒன்றின் இலை பெட்டி மூடியில் நசிந்தது. "கவனம்" என்று சந்திரமதி சத்தம் போட்டுவிட்டாள். எடுத்த பொருட்களுக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார்கள். பழக்கத்தில் நித்தியானந்தன் கை நீட்டினார்.

"தாங்கோ. அது என்ர" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு அவர் சாமியறை வாசலில் வந்து நின்றார். "சந்திரா, நான் வேணுமெண்டு சொல்லேல்லை. வாயிலை வந்திட்டுது."

"எப்பவும் உங்களுக்கு அதுதானே வாயிலை வருது."

யாரை நினைத்துச் சொன்னாள் என்று அவருக்குத் தெரியும். அவள் அலுமினியத் தாளைக் கிழித்து உருட்டிக் குப்பையில் போட்டாள்.

ஐந்து கிழமை போய்க் கடிதம் வந்தது. அளவு சட்டத்துக்குள் இருக்கிறது, குற்றம் இல்லை, பொருட்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நித்தியானந்தன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். "பாத்தியோ, ஒண்டும் நடக்கேல்லை! ஒண்டுமே நடக்கேல்லை!" இரண்டு துளை போட்டுப் பத்தொன்பதாவது ஓட்னரில் கோத்தார்.

சந்திரமதி தனியாகப் பேருந்தில் போய்ப் பெட்டியை வாங்கினாள். தண்ணீர் விடுவது யாருடைய வேலையும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். ஆறும் தும்புக்கட்டைக் குச்சி மாதிரிக் காய்ந்து நின்றன. மண் வாளியோரத்தை விட்டு விலகிச் சுருங்கிக் கிடந்தது. அவள் ஒரு பிடி எடுத்துப் பொத்தி விரித்தாள். ஒட்டவில்லை, புழுதியாக விரலிடுக்கால் கொட்டியது. வேறு ஆறு கன்று கொண்டுவருகிறேன் என்று வேணுகா தொலைபேசியில் துடித்தாள். "இந்த வீட்டுக்கு வேண்டாம் பிள்ளை" என்றாள் தாய். போத்தலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சட்டைப் பொத்தான் திரும்பவும் பழைய மாதிரிப் பத்து நிமிடம் எடுத்தது.

ஆனி மாதம் நேர்காணல். ஊரின் சின்ன மன்றத்தில் ஒரு நீட்டு மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணிதான் தலைவர், நரைத்த தலை, கனிவான முகம். நித்தியானந்தன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மாநிலங்கள் எத்தனை, குப்பை எடுப்பது எந்த நாள், மன்றத்தில் எத்தனை பேர், எல்லாவற்றுக்கும் வாய் மூட முன் பதில். சந்திரமதியைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். "என் மனைவிக்கு டொச் கொஞ்சம் கடினம்" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

தலைவர் ஒரு தாளைப் புரட்டினாள். "சித்திரையில் நடந்தது பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. குற்றம் எதுவும் இல்லை, அதனால் அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ள விரும்புகிறோம். தன்னைக் காப்பாற்றுகிற ஒரு கடதாசியை ஒருவர் ஏன் எரிப்பார்? நீங்கள் எதையாவது மறைத்தீர்களா?"

பொல்லாப்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள்.

நித்தியானந்தன் வாயைத் திறந்தார். மூடினார். விண்ணப்பத்துக்கும் வரிக்கும் வாகனத்துக்கும் அவரிடம் டொச் இருந்தது. இதற்கு இருக்கவில்லை. அவர் மெல்லத் திரும்பினார்.

"சந்திரா, நீ சொல்லு. எனக்கு வருதில்லை. தம்பியின்ர கதையைச் சொல்லு. எப்பிடியாவது சொல்லு."

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, அந்நியர்களுக்கு முன்னால், நீ கதை, நீ பேசு என்று சொல்கிறார். மூன்று தலைகளும் அவளுடைய பக்கம் திரும்பின.

அவளிடம் சொற்கள் இருந்தன. சூட்டு உருளையின் மற்ற முனையில் நின்று வல்போனா, சிப்பாய்கள் கொண்டுபோன தன் தம்பியின் கதையைச் சொன்ன அதே சொற்கள். சிப்பாய். வீடு. கடதாசி. தம்பி. திரும்பி வரவில்லை. ஐந்து சொல் போதும், இலக்கணம் தேவையில்லை. இந்தப் பெண்மணிக்கு விளங்கும், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. அவள் வாய் திறந்தால் கணவன் பிழைப்பார், சிவப்புப் பாஸ்போட் இரண்டு வரும். அவள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். கோணிய விரல்கள் பத்தும் அசையாமல் கிடந்தன.

பிறகு நிமிர்ந்து, தலைவரின் முகத்தை நேரே பார்த்து, டொச்சில் சொன்னாள்.

"அது என் கணவருடையது. எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்கள், ஒரு பிழையும் இருக்கவில்லை. தலைவர் குனிந்து அதை எழுதிக்கொண்டாள். உங்களுடைய டொச் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஓரத்தில் இருந்தவர் வியந்தார். பக்கத்து நாற்காலியில் நித்தியானந்தன் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.